கோடு ஒண்ணு, நம்பர் ஒண்ணு

தப்பா நெனைக்காதீங்க தம்பி, ஒட்டுக் கேக்கோணும்னு கேக்கலைங்க. ஒரே சீட்டுல உக்காந்துட்டு நீங்க போன்ல பேசறது எங்காதுல விழுகாம எங்க போகுமுங்க? "மைக்ரேஷன் ஸ்மூத்தா முடிஞ்சுது, ஒரு ஃபைல்கூட மிஸ் ஆகலை"ன்னு சொன்னீங்க பாருங்க, அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. உங்களைப் பார்த்துச் சிரிக்கலைங்க. எங்க கம்பெனியிலயும் ஃபைலெல்லாம் புது சாஃப்ட்வேருக்கு மாத்தினப்ப வார்த்தை மாறாம இதையேதான் சொன்னாங்க. கேக்குகூட வெட்டுனாங்க.

உடுமலைங்களா நீங்க? நானும் அந்தப் பக்கந்தான் எறங்கோணும். அப்ப நேரம் கெடக்குது. அந்த ஜன்னலைச் சித்தெ எறக்கி விடுங்க, காத்து மூஞ்சியில அடிக்குது. ஆங், போதும்.

எம்பேரு பூங்கோதை. கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனியில டிராயிங் செக்சன் இன்சார்ஜ். கம்பெனி பேரு வேண்டாமுங்க. நீங்க எங்கியாச்சும் போய்ச் சொல்லி, அது சுத்திச் சுத்தி எங்க சின்ன முதலாளி காதுக்கு வந்தா எனக்குத்தான் வம்பு. டிப்ளமோ முடிச்ச கையோட உள்ளே போனவ. அப்ப எல்லாம் போர்டுல பேப்பரை ஒட்டிக் கையிலதான் வரையோணும். கம்ப்யூட்டர் வந்தப்ப மொதல்ல உக்காந்து கத்துக்கிட்டது நான்தான். ஆம்பளைங்க எல்லாம் அந்தப் பொட்டியைத் தொட்டா கரண்டு அடிக்கும்ங்கற மாதிரி ஒதுங்கி நின்னாங்க. அதனால கம்பெனியில இருக்கற பழைய டிராயிங் ஃபைல் அத்தனையும் எங்கையில பொறந்ததுங்க. மோட்டார், பம்பு, மூடி, பிராக்கெட்டு, எதை எடுத்தாலும் மூலையில என் கையெழுத்து இருக்கும்.

எனக்கு இந்தப் பங்குனியோட அம்பத்தெட்டு முடியுது. எங்க கம்பெனியில அம்பத்தெட்டுன்னா மாலையைப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிச்சுருவாங்க. எனக்கு இன்னொரு ரெண்டு வருசம் இருக்கோணும்னு ஆசை. காசுக்கு இல்லீங்க. ஊட்டுல இருந்துட்டு என்ன பண்றதுங்க? எங்க ஊட்டுக்காரர் ரிட்டையராகி டிவி முன்னால ஒரு சேரைப் போட்டுட்டு உக்காந்தவர்தான், இன்னும் எந்திரிக்கலை. பக்கத்துல எனக்கும் ஒரு சேர் வாங்கிப் போட்டிருக்காருங்க. நல்ல மனசோடதான் வாங்கியிருக்கார். அந்தச் சேரைப் பார்த்தாலே நான் சமையக்கட்டுக்குள்ள போயிருவனுங்க.

சின்ன முதலாளிகிட்டக் கேட்டேன். "பாக்கலாங்க்கா, மொதல்ல ஃபைலெல்லாம் புது சாஃப்ட்வேருக்குப் போய்ச் சேரட்டும்"னார். யோசிச்சுப் பாருங்க தம்பி. ஃபைலெல்லாம் நல்லபடியாப் போய்ச் சேந்துட்டா அப்பறம் நான் எதுக்கு? அதுக்காகப் போகக் கூடாதுன்னு நான் வேண்டிக்கலைங்க. மருதமலைக்குப் போனது வேற வேண்டுதல்.

புது சாஃப்ட்வேரைப் பாத்துக்கறதுக்குன்னு ஒரு புள்ளையை எடுத்தாங்க. இலக்கியான்னு பேரு, தாராபுரத்துப் பக்கம். எலும்புந் தோலுமா இருப்பா, குரலே வெளிய வராது. ஆனா கேள்வி கேப்பா பாருங்க! வந்த மொத நாளே என் ஃபைலைத் தொறந்து வெச்சுட்டு, "அக்கா, இதுல 'பிராக்கெட் ஃபைனல்'னு ஒண்ணு இருக்குது, 'பிராக்கெட் ஃபைனல் புதுசு'ன்னு ஒண்ணு இருக்குது, 'பிராக்கெட் ஃபைனல் இதுதான்'னு ஒண்ணு இருக்குது. இதுல எதுங்க்கா ஃபைனல்?"னு கேட்டா.

"ஏம்மா, 'இதுதான்'னே எழுதி வெச்சிருக்கேன். அப்பறமும் எதுன்னு கேட்டா?" அப்படின்னேன்.

"அப்ப 'இதுதான் முதலாளி சொன்னது'ன்னு ஒண்ணு இருக்குதேங்க்கா?"

"அது முதலாளி சொன்னது."

இதுல என்னங்க புரியலை? படிச்ச புள்ளைகளுக்கு எல்லாத்தையும் வெலாவாரியாச் சொல்லோணும்.

சாஃப்ட்வேர் வித்த கம்பெனியிலருந்து டை கட்டிட்டு ஒரு ஆளு வந்தார். "மேடம், ஒரு பட்டனைத் தட்டிட்டு ஊட்டுக்குப் போயிருங்க, திங்கக்கெழம வந்து பார்த்தா அத்தனையும் மாறியிருக்கும்"னார். நான் சொன்னேன், "எங்க ஃபைலு உங்க பட்டனுக்கெல்லாம் மசியாதுங்க, அது பழகின கைக்குத்தான் வரும்"னு. அவர் சிரிச்சார். அந்த ஆளு எல்லாத்துக்கும் சிரிப்பார்.

திங்கக்கெழம நேரமே போய்ட்டேன். எல்லாருக்கும் முன்னாடி. அத்தனையும் வந்திருந்துச்சுங்க. கோடு பளபளன்னு, எழுத்து முத்து முத்தா, பம்பைப் புடிச்சு இப்படி இழுத்தா இப்படித் திரும்புது, அப்படி இழுத்தா அப்படித் திரும்புது. சின்ன முதலாளி குழந்தை மாதிரி பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டே இருந்தார். பொழுதோட கேக்கு வெட்டுனாங்க. இலக்கியா எனக்குப் பெரிய துண்டாக் குடுத்தா. மேல இருந்த செர்ரிப் பழத்தையும் எனக்கே எடுத்து வெச்சா. நான் அதை டப்பாவுல போட்டு ஊட்டுக்காரருக்கு எடுத்துட்டுப் போய்ட்டேன். மறுநாள்ல இருந்து சின்ன முதலாளி என்னைப் பார்த்தா, "வாங்க்கா, எப்பங்க்கா ஃபங்சன்?"னு கேக்க ஆரம்பிச்சுட்டார்.

அப்பத்தான் பிராக்கெட்டு வந்துச்சு.

பிராக்கெட்டுன்னா பம்பையும் மோட்டாரையும் சேத்துப் புடிக்கற வளையமுங்க. சுத்தி ஓட்டை இருக்கும், போல்ட்டுப் போட்டு முறுக்கோணும். புது ஃபைல்ல இருந்து நேரா கம்ப்யூட்டர் மெஷினுக்கு அனுப்பிச்சு, ஒரு லாட்டு முச்சூடும் ஓட்டை போட்டு எடுத்துட்டாங்க. ஒரு மனுசன் கை படலை. அசெம்பிளியில கொண்டு போய் வெச்சா, ஒத்தை போல்ட்டு உள்ளே எறங்க மாட்டேங்குது. ஓட்டை ஒரு பக்கம், போல்ட்டு ஒரு பக்கம். இந்தா, உங்க சட்டைப் பட்டனை ஒண்ணு தள்ளிப் போட்டா எப்படி இருக்கும், அது மாதிரி. அத்தனையும் காயலாங்கடைக்குன்னு ஆயிப்போச்சு.

எனக்கு... பொய் சொல்லக் கூடாதுங்க, அன்னிக்கு மத்தியானம் நல்லாச் சாப்பிட்டேன்.

மீட்டிங் போட்டாங்க. சின்ன முதலாளி மூஞ்சி செவந்து போயிருந்துச்சு. மெஷின் ஷாப் ஃபோர்மன் செல்லக்குட்டியண்ணன், பர்ச்சேஸ்காரர், நானு, இந்தப் புள்ளை. நான் எந்திரிச்சுச் சொன்னேன், "புது சாஃப்ட்வேரு நம்பரைத் தின்னுருச்சுங்க. எதிரெதிர் ஓட்டைக்கு நடுவால நான் எரநூத்தி நாலு மில்லின்னு போட்டிருந்தேன், அது எரநூறுன்னு காட்டுது. பழைய பிரிண்ட்டை எடுத்துப் பாருங்க"னு. பிரிண்ட்டை எடுத்தாங்க. எரநூத்தி நாலு. அழகா, என் கையெழுத்தோட. சின்ன முதலாளி அந்தப் புள்ளையைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலைங்க. பாவம், உதடெல்லாம் காஞ்சு போச்சு.

அவ லேப்டாப்பை எடுத்து என் பழைய ஃபைலைச் செவுத்துல பெருசாக் காட்டினா. கோட்டைத் தொட்டா. எரநூறுன்னு வந்துச்சு. மேல எழுதியிருந்த நம்பரைத் தொட்டா. எரநூத்தி நாலு.

"சார், கோடு எரநூறுதான் வரைஞ்சிருக்குது. நம்பரை மட்டும் அழிச்சுட்டுக் கையில டைப் பண்ணியிருக்காங்க. புது சாஃப்ட்வேர் நம்பரைப் படிக்காதுங்க சார், கோட்டை அளந்து அதுவே நம்பர் போடும்"னா.

"ஆமா, டைப் பண்ணினேன். நான் பண்ணாம அங்க வேற யாரு பண்றது?" அப்படின்னேன்.

தம்பி, நீங்களும் அதே மாதிரி பார்க்கறீங்க பாருங்க. உங்களுக்குச் சொன்னாப் புரியும். ஒரு கோட்டை நாலு மில்லி நகத்தினா, அதைத் தொட்டுட்டிருக்கற பத்துக் கோட்டையும் நகத்தோணும். அரை நாள் வேலைங்க. அதுவே நம்பரை மாத்தறது ஒரு நிமிசம். ஓட்டை போடறவன் கோட்டையா பார்க்கறான்? நம்பரைத்தான் படிப்பான். எங்க டிராயிங் எல்லாத்துலயும் ஓரத்துல ஒரு வரி இருக்குமுங்க: "கோட்டை அளக்காதே, எழுதியிருப்பதைப் படி." ஊர் ஒலகத்துல இருக்கற டிராயிங் எல்லாத்துலயும் இருக்கும், நான் போட்ட சட்டம் இல்லை. அந்த வரியை ஒரு சாஃப்ட்வேரு மதிக்கலைன்னா தப்பு யார் மேலங்க?

அதையேதான் மீட்டிங்ல கேட்டேன். எல்லாரும் என்னையே பார்த்தாங்க. சரி, புள்ளை மேல கோவப்படறதா வேண்டாமான்னு எங்கிட்ட அபிப்பிராயம் எதிர்பார்க்கறாங்கன்னு புரிஞ்சுது. எனக்கும் எரக்கமாப் போச்சு. "சின்னப் புள்ளைங்க, புதுசு. இந்த ஒரு தடவை மன்னிச்சு உட்ருங்க. இனிமே நான் கூட இருந்து பாத்துக்கறேன்"னு பெரிய மனசு பண்ணிச் சொன்னேன்.

செல்லக்குட்டியண்ணன் அண்ணாந்து ஃபேனைப் பார்த்துட்டிருந்தார். பர்ச்சேஸ்காரருக்குத் திடீர்னு இருமல் வந்துருச்சு. சின்ன முதலாளி ரெண்டு கையிலயும் மூஞ்சியை மூடிக்கிட்டார். அப்பறம், "சரிங்க்கா, கூடவே இருங்க. உங்களை விட்டா இது வேற யாருக்குங்க தெரியும்?" அப்படின்னார். கேட்டீங்களா? முதலாளி வாயில வந்த வார்த்தைங்க இது. உங்களை விட்டா வேற யாருக்குத் தெரியும்னு.

வெளிய வந்ததும் இலக்கியா எங்கையைப் புடிச்சுக்கிட்டா. "அக்கா, எனக்காக நீங்க ரெக்கமண்ட் பண்ணினீங்க பாருங்க, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்"னா. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க அவளுக்கு. சிரிக்கற மாதிரியும் இருந்துச்சு. சந்தோசத்துல அப்படித்தானுங்களே வரும்.

அப்பறம் அவ ஒரு புரோகிராம் எழுதினா. அது ஒவ்வொரு பழைய ஃபைலாப் போய், கோட்டோட நீளமும் எழுதின நம்பரும் ஒண்ணா இருக்குதான்னு பார்க்கும். ஒண்ணா இருந்தா பச்சை, இல்லைன்னா சிவப்பு. சிவப்பைச் சரி பண்ணிப் பச்சை ஆனதும் 'முடிஞ்சுது'ன்னு அடிச்சு அந்த ஃபைலை மூடிரோணும். ராத்திரி ஓட விட்டுட்டுப் போய்ட்டா. காலையில ஸ்க்ரீன் முச்சூடும் மொளகாய்க் களம் மாதிரி ஒரே சிவப்பு. நானே நெனைக்கலைங்க, இத்தனை வேலை பண்ணியிருப்பேன்னு.

சின்ன முதலாளி பார்த்துட்டு உக்காந்துட்டார். "அக்கா, இதுல கோடு சரியா, நம்பர் சரியா?"

"அது ஃபைலைப் பொறுத்துதுங்க. சிலதுல நம்பரு. சிலதுல ஒரு பார்ட்டிக்காக மட்டும் நம்பரை மாத்திப் பிரிண்ட் எடுத்துட்டு, திருப்பி மாத்த மறந்திருப்பேன். அதுல கோடுதான் சரி. பார்த்தாச் சொல்லிருவனுங்க"ன்னேன்.

அப்படித்தான் எனக்கு வேலை நீட்டிச்சது. பங்குனி இல்லை, சிவப்பு முடியற வரைக்கும்னு சொல்லிட்டார். ஊட்டுல போய்ச் சொன்னேன், "உங்க சேர் சும்மாவே கெடக்கட்டும், எங்கம்பெனிக்கு என்னை விட மனசில்லை"ன்னு. அவர் டிவியைப் பார்த்துட்டே "அப்படியா"ன்னார்.

நான் வேணும்னு மெதுவாப் பண்ணலைங்க. அப்படி யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. தீர விசாரிச்சுப் பண்ணினேன். ஒரு ஃபைலைத் தொறந்தா, அந்தப் பம்பு யாருக்காகப் போட்டது, அந்தாளு எப்படிப்பட்டவரு, எதுக்கு நம்பரை மாத்தினோம், அன்னிக்குக் கேன்டீன்ல என்ன டிபன், எல்லாம் ஞாபகம் வந்தாத்தானே பதில் வரும்? இலக்கியா கன்னத்துல கையை ஊனிட்டு உக்காந்து கேப்பா. ஒரு நாள், "அக்கா, இந்த ஸ்பீடுல போனா எனக்கே ரிட்டையர்மெண்ட் வந்துருமுங்க்கா"ன்னா. "வந்தா வரட்டும், சேந்தே போலாம்"னேன். அவ வேலையும் நிரந்தரம் ஆயிருச்சு அதுக்குள்ள. நான் ரெக்கமண்ட் பண்ணினதுதான்.

அப்படியே ஓடியிருக்கும். நடுவுல ஒரு ஃபைலு வந்து மாட்டிச்சுங்க. பழைய மாடலு, இன்னும் ஓடிட்டிருக்கற மாடலு. கோடு எரநூத்திப் பத்து, நம்பர் எரநூத்திப் பதினாலு. எது சரின்னு எனக்கு வரலை. கண்ணை மூடி யோசிச்சேன், கேன்டீனுக்குப் போய் யோசிச்சேன், வரவே இல்லை. எனக்கு அப்படி ஆனதே இல்லீங்க. "செல்லக்குட்டியண்ணன்கிட்டப் போலாங்க்கா, அவர் தானே ஓட்டை போடறவர்"னு இலக்கியாதான் இழுத்துட்டுப் போனா.

அண்ணன் டீ குடிச்சுட்டிருந்தார். நான் கேட்டேன், "ஏனுங்ண்ணா, இதுக்கு எந்த அளவுல ஓட்டை போடறீங்க?"ன்னு.

"அளவென்னுங்க அம்மிணி அளவு? ஜிக்கை வெச்சுப் போடறேன்"னார்.

ஜிக்குன்னா ஓட்டை போடறதுக்குன்னு செஞ்சு வெச்சிருக்கற இரும்புத் தட்டு. அதை மேல வெச்சு, அது காட்டற எடத்துல துளைச்சாப் போதும். எடுத்துட்டு வரச் சொல்லி, இலக்கியா காலிப்பரை வெச்சு அளந்தா. எரநூத்திப் பன்னெண்டு. கோடும் இல்லை, நம்பரும் இல்லை, நடுவால ஒண்ணு!

"எரநூத்திப் பன்னெண்டுன்னு யாருங்க சொன்னது?"

"யாரு சொல்லோணும்? நீங்க பதினாலுன்னு அனுப்பிச்சீங்களோ பத்துன்னு அனுப்பிச்சீங்களோ, எறங்கலை. அரத்தால ராவிப் பார்த்தேன், பன்னெண்டுல எறங்குச்சு. அதையே ஜிக்காப் போட்டுட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"ஓட்டை சரியாத்தானுங்க விழுந்துட்டிருக்குது. எதுக்குச் சொல்லறது?"

"அப்ப நான் மாசா மாசம் அனுப்பற பிரிண்ட்டெல்லாம்?"

அந்த மனுசன் யோசிக்கக்கூட இல்லீங்க. "தரம் பார்க்கற ஆடிட்டர் வர்றன்னிக்குச் செவுத்துல ஒட்டுவோம். மத்த நாள்ல பசங்க போண்டா மடிக்க எடுத்துக்குவானுங்க. உங்க டிராயிங்கு நல்ல கெட்டிப் பேப்பருங்க அம்மிணி, எண்ணெய் கையில ஒட்டாது"ன்னார். நல்லதாச் சொல்லறதா நெனச்சுத்தான் சொன்னார். கெட்ட எண்ணமே கெடையாது அவருக்கு.

எனக்குப் பொக்குனு போயிருச்சுங்க.

நான் நம்பரைத் தப்பாப் போட்டேனா, சரியாப் போட்டேனான்னு மீட்டிங் வெச்சு ஆராய்ச்சி பண்ணினாங்களே, அப்பக்கூட எனக்கு ஒண்ணும் ஆகலை. தப்புன்னாலும் யாரோ படிச்சுத்தானே தப்பாச்சு? இங்க படிக்கவே இல்லைங்கறாங்க. எரநூத்தி நாலா, எரநூறான்னு நான் ரோசனை பண்ணி ரோசனை பண்ணி அடிச்ச நம்பரு. அதைச் செவுத்துக்கும் போண்டாவுக்கும் அடிச்சிருக்கேன். இலக்கியா எம்மூஞ்சியைப் பார்த்துட்டு, "வாங்க்கா, டீ குடிக்கலாம்"னா. வேண்டாம்னுட்டேன். ஊட்டுக்குப் போய் எங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லி அழுதேன். அவர் அன்னிக்கு டிவியை நிறுத்திட்டாருங்க. நிறுத்திட்டு, "பேப்பர் கெட்டிதான் பூங்கோதை, அது நெசந்தானே"ன்னார். மனுசனுக்கு ஆறுதல் சொல்ல வராது. ஆனா டிவியை நிறுத்தினார்.

மறுநாள் நான் டிராயிங் செக்சனுக்கே போகலை. நேரா மெஷின் ஷாப்புக்குப் போய், செல்லக்குட்டியண்ணன் சேரைத் தள்ளிப் போட்டு உக்காந்துட்டேன். "அந்த ஜிக்கையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் போடுங்ண்ணா"ன்னேன். "எல்லாத்தையுமுங்களா?" "எல்லாத்தையும்." நான் அளக்கறேன், இலக்கியா எழுதறா, அண்ணன் தூக்கிட்டு வந்து தூக்கிட்டு வந்து இடுப்பைப் புடிச்சுக்கறார். எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. அதுக்கப்பறம் சிவப்பெல்லாம் மளமளன்னு பச்சை ஆச்சுங்க. கதையும் சொல்லலை, கேன்டீன் டிபனையும் நெனைக்கலை. "என்னங்க்கா திடீர்னு இத்தனை அவசரம்?"னு இலக்கியாவே கேட்டா. நான் அடுத்த ஜிக்கை எடுத்து வெச்சேன்.

எதுக்குன்னா, புது முறையில செவுத்துல ஒட்டற வேலை இல்லீங்க. ஃபைலு நேரா மெஷினுக்குப் போகுது. ஃபைல்ல என்ன இருக்குதோ அதுதான் ஓட்டை. செல்லக்குட்டியண்ணனுக்கும் ஒரு டேப்லட் குடுத்துட்டாங்க, அதுல டிராயிங்கைப் பார்த்து ஓகே அடிச்சாத்தான் மெஷின் ஓடும். போன வாரம் எனக்குப் போன் பண்றார். "அம்மிணி, இதுல எரநூத்திப் பன்னெண்டுன்னு இருக்குது. சரிதானுங்களா?"

"என்னங்ண்ணா? காது கேக்கலை"ன்னேன்.

"எரநூத்திப் பன்னெண்டு. உங்க டிராயிங்ல. சரிதானுங்களான்னு கேட்டேன்."

நல்லாத்தான் கேட்டுச்சு தம்பி. இன்னொருக்காச் சொல்லட்டும்னுதான்.

பொள்ளாச்சி தாண்டியாச்சுங்களா? ஆமா, தென்னந்தோப்பு வந்துருச்சே. சரி, இப்ப எதுக்கு உடுமலைக்குப் போறேன்னு கேக்க மாட்டேங்கறீங்க? கேக்கோணுமுங்க. பெரியவங்க இத்தனை நேரம் பேசினா ஒரு கேள்வியாச்சும் கேக்கோணும்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு சிவப்பா நிக்குதுங்க. நிறுத்திப் போட்ட மாடலு. அதுக்கு ஜிக்கும் இல்லை, ஷெட்டு மாத்தறப்ப எடைக்குப் போட்டுட்டாங்க. கோடு ஒரு அளவு, நம்பர் ஒரு அளவு, எனக்கு ஞாபகம் ஒண்ணும் இல்லை. அந்த மாடலை வெச்சிருக்கறவங்களைத் தேடினா, உடுமலை டீலர் ஒரு ஆளைச் சொன்னார். ஆறுச்சாமின்னு ஒரு விவசாயி. அவர் பம்புல பிராக்கெட்டு வெடிச்சுப் போய், புது பிராக்கெட்டு கேட்டு டீலர் கடைக்கு நடையா நடக்கறாராம். பம்பு நிக்குது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்டக் கெஞ்சித்தான் தென்னங்கண்ணுக்குத் தண்ணி பாயுது.

இந்த விசயம் தெரிஞ்ச அன்னிக்கு இலக்கியா எம் பக்கத்துல வந்து உக்காந்தா. எம் மூஞ்சியைப் பார்க்கலை, கீபோர்டைப் பார்த்துட்டே சொன்னா. "அக்கா, இந்த ஒண்ணு மட்டும் சிவப்பா இருந்தா யாருக்கு என்ன நட்டம்? கம்பெனியே நிறுத்தின மாடலு. அவருக்கு வேற பம்பு குறைச்ச ரேட்டுல குடுக்கச் சொல்லிடலாம். இது பாட்டுக்கு இருக்கட்டுமே. நான் மூடலை, நீங்களும் மூட வேண்டாம்."

சிவப்பு முடியற வரைக்கும்தானே எனக்கு வேலை. பங்குனி வந்துருச்சுங்க. என்ன சொல்லறான்னு எனக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் மக்கு இல்லை. குரலே வராத புள்ளை, எனக்காக ஒரு ஃபைலைத் தொறந்தே வெச்சிருக்கறேங்கறா. பெத்த மகன் மாசத்துக்கு ஒருக்காப் போன் பண்ணிச் சாப்டியான்னு கேக்கறதோட சரி. எனக்கு என்னமோ பண்ணிருச்சு. சரின்னுதான் தலையாட்டினேன். ரெண்டு நாளைக்கு அந்த சிவப்பைத் தெனமும் காலையில தொறந்து பார்த்துட்டு, இருக்குதுன்னு சந்தோசமா அப்படியே விட்டு வெச்சேன்.

மூணாம் நாள் அந்த ஆறுச்சாமியே போன் பண்ணிட்டார். டீலர் நம்பர் குடுத்திருக்கார். "ஏனுங்க, உங்க டிராயிங்கு வந்தாத்தான் எனக்கு பிராக்கெட்டு வருமாமா. எப்பங்க வரும் உங்க டிராயிங்கு?"ன்னு கேட்டாருங்க.

எங்க டிராயிங்குக்காக ஒரு மனுசன் காத்துட்டிருக்காருங்க தம்பி. ஆடிட்டர் இல்லை. தென்னங்கண்ணு வெச்சிருக்கற மனுசன். அப்பறம் எப்படிங்க நான் ஆபீசுல உக்காந்து அந்த சிவப்பை அழகு பார்த்துட்டிருக்கறது?

அவர் தோட்டத்துல நிக்கற பம்பை அளந்துட்டுப் போனா வேலை போயிரும்னு தெரியும். அளக்காம, ஆளு ஊட்டுல இல்லைன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பினாலும் யாரும் கேக்கப் போறதில்லை. அதையும் இந்த பஸ்ஸு ஏறறப்ப நெனச்சேன், உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன? ஏறி உக்காந்ததும் நீங்க போன்ல 'ஒரு ஃபைல்கூட மிஸ் ஆகலை'ன்னு ஆரம்பிச்சுட்டீங்க.

இந்தா, ஆறுச்சாமி தோட்டத்து ஸ்டாப்பு வந்துருச்சு, நான் உடுமலைக்கு முன்னாலயே எறங்கிக்கறேன். கண்டக்டர், சித்தெ நிறுத்துங்க, வயசானவ, மெதுவாத்தான் எறங்குவேன். நீங்களும் ஆபீசுக்குப் போய் ஒரு ஃபைலைத் தொறந்து, எழுதியிருக்கறதை உடுங்க, கோட்டைத் தொட்டுப் பாருங்க தம்பி. ஸ்மூத்தா இல்லையான்னு அப்பத் தெரியும்.

நாளைக்கு நானு அந்தக் கோட்டைத்தான் அழிச்சுட்டுப் புதுசா இழுக்கப் போறேன். பத்துக் கோடு நகந்தாலும் நகரட்டும், அரை நாள் ஆனாலும் ஆகட்டும். நம்பரை நான் தொடவே மாட்டேன், அதுவா வந்து உக்காந்துக்கும். இலக்கியாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி வெச்சிருக்கேன். பச்சை ஆனதும் அவசரப்பட்டு நீ மூடிராதே கண்ணு, என்னோட கடைசி ஃபைலு, அதை நானே மூடறேன்னு.